மூழ்கிய நெற்பயிர் எத்தனை நாள் தாங்கும்? வேர், தண்டு, இலைக்குள் இருக்கும் பதில்

2022 நவம்பர் 11, 12 தேதிகளில் சீர்காழியில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 44 செ.மீ. மழை கொட்டியது. சுற்றுவட்டாரத்தில் நடவு முடிந்து பச்சைப் பிடித்திருந்த சம்பா வயல்கள் ஏரி போல மாறின. காவிரி டெல்டாவுக்கு இது புதுசு இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என எந்த மாவட்டமாக இருந்தாலும், வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது எழும் கேள்வி ஒன்றுதான்: மூழ்கின பயிர் பிழைக்குமா?

சில வயல்கள் ஒரு வாரம் கழித்தும் தலை நிமிர்த்துகின்றன. பக்கத்து வயலிலோ நாலே நாளில் தூர் அழுகிவிடுகிறது. இது அதிர்ஷ்டமா? இல்லை. காரணம் பயிரின் வேருக்குள்ளும் தண்டுக்குள்ளும் இலைக்குள்ளும் இருக்கிறது. அதைப் பற்றிய பாடம் நம்ம பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. பெயர், ‘தாவர உள்ளமைப்பியல் மற்றும் தாவர செயலியல்’.

ஒரே ஒரு சிக்கல். அந்தப் பாடம் வேரையும் தண்டையும் விளக்க எடுத்துக்கொள்ளும் செடிகள் அவரை, மக்காச்சோளம், சூரியகாந்தி. இலைக்கு மாவிலையும் புல்லும். தேர்வுக்கு இது போதும். ஆனால் பள்ளிக்கூட மதில் சுவரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல் நிற்கிற ஊரில், அந்த நெல்லை வைத்தே இதே பாடத்தை நடத்தினால் என்ன? நெல்லும் மக்காச்சோளமும் ஒருவித்திலைத் தாவரங்கள்தான், புல் குடும்பம்தான். ஆனால் தண்ணீர் தேங்கினால் மக்காச்சோளம் சுருண்டுவிடும், நெல் வளரும். அந்த வித்தியாசத்தில்தான் டெல்டாவின் வாழ்க்கையே இருக்கிறது. ஒவ்வொரு பாகமாகப் பார்க்கலாம்.

தண்ணீரில் நிற்கும் வேர் ஏன் அழுகுவதில்லை?

வேரும் சுவாசிக்கும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். சாதாரண மண்ணில் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றிலிருந்து அது கிடைத்துவிடும். வயலில் தண்ணீர் கட்டினால் அந்த இடைவெளிகளில் தண்ணீர் புகுந்துவிடும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். எனவே சேறாகிவிட்ட மண்ணில் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது.

நெல் என்ன செய்கிறது? ஆக்சிஜனை மண்ணிலிருந்து எதிர்பார்க்காமல், மேலிருந்து கீழே இறக்குகிறது. வேரின் வெளித்தோலுக்கும் நடுவிலுள்ள குழாய்களுக்கும் இடைப்பட்ட பகுதிக்குப் புறணி என்று பெயர். நெல் வேரில் இந்தப் புறணியின் செல்கள் பல தாமாகவே இறந்து, நீளவாக்கில் வெற்றிடங்களை உண்டாக்கிவிடுகின்றன. இதைக் காற்றறைத் திசு என்கிறோம். வேரைக் குறுக்காக வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரித் தெரியும். நடுவில் குடம், சுற்றிலும் ஆரக்கால்கள், அவற்றுக்கு இடையில் காலி இடம்.

இலையில் நுழையும் காற்று, இலை உறை, தண்டு வழியாக இந்தக் காலி இடத்தில் இறங்கி வேர் நுனி வரை போகிறது. தண்ணீருக்கு அடியில் வேலை செய்பவருக்கு மேலிருந்து காற்றுக்குழாய் விடுகிற மாதிரிதான். வழியிலேயே ஆக்சிஜன் மண்ணுக்குள் கசிந்துவிடாதபடி, வேரின் வெளிப்பக்கச் செல்களில் ஒரு தடுப்பும் உருவாகிறது. மக்காச்சோள வேரில் இந்தக் காற்றறைகள் பொதுவாக நெருக்கடி வந்த பிறகே உருவாகத் தொடங்கும். நெல்லில் அவை வளர்ச்சியின் ஒரு பகுதியாகவே வந்துவிடும்.

வேரின் நிறம் என்ன சொல்கிறது?

மைக்ராஸ்கோப் இல்லாமலே பார்க்கக்கூடிய ஒன்று இது. நடவாகி ஒரு மாதமான பயிர் ஒன்றை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள்.

புது வேரும் வேர் நுனியும் வெள்ளையாக இருக்கும். கொஞ்சம் வயதான வேர்களின்மேல் செம்பழுப்பாக ஒரு படிவு இருக்கும். இது நோய் இல்லை, துருதான். சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு, வேரிலிருந்து கசியும் ஆக்சிஜனைச் சந்தித்ததும் துருவாக மாறி வேர்மேல் படிகிறது. அதாவது, மேலிருந்து ஆக்சிஜன் வருகிறது என்பதற்கு அத்தாட்சி.

வேர்கள் கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் அது எச்சரிக்கை. மண்ணில் ஆக்சிஜன் இல்லாமல் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது, வேர் திணறுகிறது என்று அர்த்தம். ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’த் தண்ணீர் கட்டச் சொல்வதில் இருக்கும் விஷயமும் இதுதான். இடையிடையே தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்போது மறுபடி பாய்ச்சினால் மண்ணுக்குள்ளும் காற்று போகும். தண்ணீரும் மிச்சம்.

இன்னொரு தகவல். காற்றறைக் குழாய் ஒருவழிப் பாதை இல்லை. சேற்றில் உருவாகும் மீத்தேன் வாயு பெரும்பாலும் இதே குழாய் வழியாகத்தான் மேலே ஏறி வெளியேறுகிறது. பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சில் நெல் வயல் அடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலை நுனியில் இருப்பது பனித்துளியா?

விடியற்காலையில் வரப்பில் நடந்தால் நெல் இலைகளின் நுனியில் ஒரு முத்து மாதிரித் துளி நிற்கும். பனி என்றுதான் நினைப்போம். பனி என்றால் இலை முழுக்கப் படர்ந்திருக்க வேண்டும். நுனியில் மட்டும் துளி நிற்கிறது என்றால், அது பெரும்பாலும் பயிருக்குள்ளிருந்து வந்த தண்ணீர்.

பகலில் இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பில்தான் தண்ணீர் சைலம் என்ற மெல்லிய குழாய்கள் வழியே மேலே ஏறுகிறது. இரவில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடிவிடும், இழுப்பு நின்றுவிடும். ஆனால் வேர் உப்புகளையும் தண்ணீரையும் உள்ளே வாங்கிக்கொண்டே இருப்பதால் கீழிருந்து ஓர் அழுத்தம் உருவாகிறது. அந்த அழுத்தம், இலை நுனியிலுள்ள தனித் துளை வழியே தண்ணீரைத் துளியாகத் தள்ளுகிறது. காலையில் துளி நின்றால், ராத்திரி வேர் வேலை பார்த்திருக்கிறது என்று பொருள்.

சைலம் தண்ணீரைக் கொண்டுபோகிறது என்றால், இலையில் தயாராகும் சர்க்கரையைக் கொண்டுபோவது புளோயம். வேர் உயிரோடு இருக்க ஆக்சிஜனும் வேண்டும், இந்தச் சர்க்கரையும் வேண்டும். வெள்ளம் வந்தால் இரண்டுமே அடிபடுகின்றன.

சரி, முழுசாக மூழ்கினால் என்ன ஆகும்?

இலையில் கொஞ்சமாவது தண்ணீருக்கு மேலே தெரிந்தால் பிரச்சினை பெரிதில்லை, காற்றுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது. இலை நுனியும் மூழ்கிவிட்டால்தான் கணக்கு தொடங்குகிறது.

முதல் சில நாட்களுக்கு நெல்லிடம் ஒரு தற்காப்பு உண்டு. நெல் இலையில் தண்ணீர் ஒட்டாது. மேல்தோலில் உள்ள மெழுகும் நுண்ணிய புடைப்புகளும் அதற்குக் காரணம். அதனால் மூழ்கும்போது இலையைச் சுற்றி மெல்லிய காற்றுப் படலம் ஒட்டிக்கொள்கிறது. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நெல் இலையை முக்கிப் பாருங்கள், வெள்ளி முலாம் பூசியது போலப் பளபளக்கும். அந்தப் படலம் இருக்கும்வரை, தண்ணீருக்கும் இலைக்கும் இடையே வாயுப் பரிமாற்றம் ஓரளவு நடக்கும். நாளாக ஆக அது மறைந்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். தெளிந்த தண்ணீராக இருந்தால் ஒளி உள்ளே போகும், கொஞ்சம் ஒளிச்சேர்க்கை நடக்கும். செம்மண் கலங்கலாக வந்த வெள்ளம் என்றால் அதுவும் இல்லை. ஒரே அளவு மூழ்கிய இரண்டு வயல்களில் ஒன்று பிழைத்து ஒன்று சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, பயிர் எடுக்கும் முடிவு. மூழ்கிய பயிருக்குள் எத்திலின் என்ற வாயு ஹார்மோன் வெளியேற வழியில்லாமல் சேருகிறது. ‘மேலே போ’ என்ற சமிக்ஞை அதுதான். உடனே பெரும்பாலான நெல் ரகங்கள், சேர்த்து வைத்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து இலையையும் தண்டையும் நீட்ட ஆரம்பிக்கும். தலை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டால் வெற்றி. வராவிட்டால் கையிருப்பு தீர்ந்துபோய்ப் பயிர் சாகும். சாதாரண ரகங்கள் முழுசாக மூழ்கி ஒரு வாரத்தைத் தாண்டினால் பிழைப்பது கஷ்டம். ‘தண்ணி வடிஞ்சப்ப பச்சையாத்தான் இருந்துச்சு, அப்புறம் சாஞ்சு காஞ்சு போச்சு’ என்று சொல்லப்படுவதும் இதனால்தான். நீண்டு நலிந்த இலைக்குத் திடீரென வெயிலும் காற்றும் கிடைக்கிறது, சேதமான வேரால் அதற்கு ஈடாகத் தண்ணீர் கொடுக்க முடியவில்லை.

14 நாள் தாங்கும் ரகம் எப்படி வந்தது?

எல்லா நெல்லும் அப்படி அவசரப்படுவதில்லை. ஒடிசாவின் நாட்டு ரகம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்.ஆர். 13ஏ நேரெதிராக நடந்துகொள்ளும். மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, கையிருப்பைக் கட்டிக்காத்து, தண்ணீர் வடியும்வரை சும்மா இருக்கும். இந்தக் குணத்துக்குக் காரணமான சப்1ஏ மரபணுவை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டு 2006-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். எத்திலின் சொல்லும் ‘மேலே போ’ என்ற கட்டளையை இந்த மரபணு அடக்கி வைக்கிறது.

இந்தக் குணத்தை வழக்கமான ரகங்களுக்குக் கலப்பு முறையில் மாற்றினார்கள். முதலில் ஸ்வர்ணா சப்-1, 2009-ல் இந்தியாவில் வெளியானது. டெல்டா விவசாயிகளுக்குப் பழக்கமான நீண்டகால சம்பா ரகமான சி.ஆர். 1009-க்கும் இதே குணம் சேர்க்கப்பட்டு, சி.ஆர். 1009 சப்-1 வந்தது. சப்-1 ரகங்கள் சுமார் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீளக்கூடியவை. ஆனால் இது எல்லா நேரத்துக்குமான காப்பீடு இல்லை. வளரும் பருவத்தில் வரும் வெள்ளத்துக்குத்தான் இது உதவும். பூக்கும் பருவத்தில் மூழ்கினால் சப்-1 ரகமும் தப்பாது.

இன்னொரு வழியும் இயற்கையில் இருக்கிறது. ஆழ்நீர் நெல் ரகங்கள் வெள்ளத்தோடு போட்டி போட்டு ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல்கூட நீளும். நம்ம பக்கத்து நாட்டு ரகங்களில் மடுமுழுங்கி, காட்டுயானம் போன்ற உயரமான நெல் வகைகள் தண்ணீர் தேங்கும் பள்ளக்கால்களுக்கு ஏற்றவை என்று பெயர் பெற்றவை. திருத்துறைப்பூண்டி பகுதியில் ‘நெல்’ ஜெயராமன் மீட்டெடுத்துப் பரப்பிய பாரம்பரிய ரகங்களை வெறும் பழம்பெருமையாகப் பார்க்க வேண்டாம். தண்ணீரைச் சமாளிக்கும் வெவ்வேறு உடலமைப்புகளின் சேமிப்பு அது.

பயிர் ஏன் சாய்கிறது?

நெல் தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். கணுவில் கெட்டி, கணுவுக்கு நடுவில் வெற்றுக் குழல். புத்தகத்தில் வரும் மக்காச்சோளத் தண்டோ உள்ளே சோறு நிறைந்து கெட்டியாக இருக்கும். வெற்றுக் குழல் குறைந்த செலவில் நிற்கும் உறுதி, ஆனால் அளவு மீறி நீண்டால் மடங்கும். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் அடிக் கணுவிடை நீண்டு மெலிந்துவிடும். கதிர் கனக்கும் நேரத்தில் மழையும் காற்றும் வந்தால் சாய்ந்துவிடும்.

1966-ல் வந்த ஐ.ஆர். 8 புரட்சி செய்தது இந்த இடத்தில்தான். தைவானின் குட்டை ரகத்தையும் இந்தோனேசியாவின் நெட்டை ரகத்தையும் கலந்து உருவான அது, குட்டைத் தண்டு காரணமாக உரத்தைத் தாங்கியும் சாயாமல் நின்றது. இன்றைக்கு நாம் பார்க்கும் பெரும்பாலான ரகங்கள் அந்த வழியில் வந்த குட்டை ரகங்கள். ஆனால் குட்டையாக இருப்பதால் வெள்ளத்தில் சீக்கிரம் மூழ்கும். ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கிறோம்.

தண்டுக்கும் இலைக்கும் விறைப்பு தருவதில் சிலிக்காவுக்கும் பங்கு உண்டு. இலை விளிம்பு கையைக் கீறுவது அதனால்தான். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். அந்தக் காலத்தில் உமிக்கரியால் பல் தேய்த்தபோது அழுக்குப் போனதில் அந்த நுண்துகள்களுக்கும் பங்கு உண்டு.

ஒருவித்திலைத் தண்டு பற்றிப் பேசும்போது தென்னையையும் சொல்லாமல் விட முடியாது. 2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் அழிந்தன. வேப்ப மரத்தில் கிளை முறிந்தால் பக்கத்தில் துளிர்க்கும். தென்னைக்கு ஒரே ஒரு குருத்துதான். தண்டைப் பருமனாக்கும் கேம்பியம் என்ற திசுவும் கிடையாது. குருத்து முறிந்தால் மரம் முடிந்தது. சாய்ந்த ஒரு வேம்பு மீண்டாலும் ஒரு தென்னந்தோப்பு மீளாததற்கு உள்ளமைப்பியல் தரும் விளக்கம் இது.

பதர் எப்படி உருவாகிறது?

நெல் பூ ஒன்று பெரும்பாலும் முற்பகலில் திறந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் மூடிக்கொள்ளும். உமியின் இரண்டு மூடிகளும் விரிய, ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். மகரந்தம் பெரும்பாலும் அதே பூவின் சூல்முடியில் விழும். மகரந்தத்தின் ஆயுள் சில நிமிடங்களே. அந்த நேரத்தில் அடைமழை பெய்தால் சேர்க்கை நடக்காது, உமி வெறும் உமியாகவே நிற்கும். அதுதான் பதர். வெயில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் இதே ஆபத்து உண்டு.

சேர்க்கை நடந்த பிறகு பால் பிடிக்கிறது. மணியை நசுக்கினால் வரும் வெள்ளைப் பால், தண்ணீரில் மிதக்கும் மாவுச்சத்து. அதில் பெரும் பங்கைத் தருவது கதிருக்குக் கீழே கடைசியாக வரும் கண்ணாடி இலை. அந்த ஓர் இலை நோயிலோ வெள்ளச் சேற்றிலோ பாழானால் மணி சுருங்கிவிடும்.

கடைசிக் கட்ட ஆபத்து அறுவடை மழை. 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் முற்றிய சம்பா சாய்ந்து, கதிரிலேயே மணிகள் முளைத்தன. விதைக்குத் தண்ணீர், வெதுவெதுப்பு, காற்று மூன்றும் கிடைத்தால் உள்ளிருக்கும் நொதிகள் விழித்துக்கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கும். முளை வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே சேதம் தொடங்கிவிடும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்ற வழக்கமான வரம்பு வைத்திருப்பதற்குப் பின்னாலும் இந்த விதைச் செயலியல்தான் இருக்கிறது.

வகுப்பில் இதை எப்படிச் செய்யலாம்?

டெல்டாவில் பள்ளி ஆண்டும் பயிர் ஆண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஓடுகின்றன. ஜூனில் பள்ளி திறக்கும். மேட்டூர் அணை திறப்புக்கான வழக்கமான தேதியும் ஜூன் 12. பொங்கலை ஒட்டிச் சம்பா அறுவடை தொடங்கும். எனவே:

ஜூன், ஜூலை: விதைநெல்லை ஊறவைத்து இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒன்றை ஈரத்துணியில் வையுங்கள். இன்னொன்றைக் கொதித்து ஆறிய தண்ணீர் நிறைந்த பாட்டிலில் போட்டு, மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டு மூடுங்கள். காற்று குறைந்த பாட்டிலில் முளைக்குருத்து உறை மட்டும் நீளும், வேர் பின்தங்கும். துணியில் இரண்டும் சேர்ந்து வளரும்.

ஆகஸ்ட், செப்டம்பர்: நாற்றின் வேரை அலசி நிறம் பார்ப்பது, விடியற்காலைத் துளியைக் கவனிப்பது. தண்டை வெட்டிச் சிவப்பு மை கலந்த தண்ணீரில் வைத்து, சில மணி நேரம் கழித்துக் குறுக்காக நறுக்கினால் நிறமேறிய சைலம் தெரியும்.

அக்டோபர், நவம்பர்: பெரிய வேரை உருளைக்கிழங்குத் துண்டுக்கு நடுவே வைத்துப் பிளேடால் மெல்லியதாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வண்டிச் சக்கரத்தைப் பார்ப்பது. பக்கத்திலேயே மக்காச்சோள வேரையும் வைத்தால் புத்தகப் படமும் புரியும், வித்தியாசமும் புரியும். டம்ளரில் வெள்ளி இலையும் இந்த மாதத்துக்குத்தான்.

டிசம்பர், ஜனவரி: முற்பகலில் பூ திறப்பதைப் பார்ப்பது, பால் மணியில் ஒரு சொட்டு அயோடின் விட்டு நீலக்கறுப்பு வருவதைப் பார்ப்பது.

வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், மருந்தடித்த வயலைத் தவிர்த்துவிடுங்கள், கை கழுவ மறக்க வேண்டாம். பிளேடு ஆசிரியர் கையில் இருக்கட்டும்.

வெள்ளம் வடிந்த வயலில் என்ன பார்க்கணும்?

தூர் கட்டும் பருவத்தில் நெல்லின் வளரும் முனை இலைகளின் உச்சியில் இல்லை. இலை உறைகளுக்குள், அடித் தூரில் இருக்கிறது. மேல் இலை பழுத்திருந்தாலும் தூர் உயிரோடு இருக்கலாம். நடுக்குருத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கெட்டியாக நின்றால் நம்பிக்கை உண்டு. கொழகொழவென்று கையோடு வந்து வாடை அடித்தால் அந்தத் தூர் போய்விட்டது. அடுத்த சில நாட்களில் வெள்ளை வேர் புதுசாக வருகிறதா என்று பார்த்து, அதன் பிறகு உரம் வைத்தால் பயிருக்குப் போய்ச் சேரும். வேர் வேலை செய்யாதபோது கொட்டும் யூரியா வீண். போன இடங்களை, பிழைத்த தூர்களைப் பிரித்து நட்டு நிரப்பலாம்.

நிவாரணக் கணக்கெடுப்பிலும் இந்த அறிவுக்கு வேலை உண்டு. 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் இருந்தால்தான் பேரிடர் நிவாரணம். தண்ணீர் வடிந்த அன்று பச்சையாகத் தெரியும் பயிர், உள்ளே தூர் அழுகி ஒரு வாரத்தில் காயலாம். பழுப்பாகத் தெரியும் பயிர் துளிர்க்கலாம். நடுக்குருத்தை இழுத்துப் பார்க்கவும் வேரின் நிறத்தைப் படிக்கவும் தெரிந்த ஒரு பத்தாம் வகுப்பு மாணவி வீட்டில் இருந்தால், கணக்கெடுக்க வருபவரிடம் எந்த மூலையைக் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.